கொடுத்த கையும் ஏந்திய கையும்

உண்டி, ரண்டு, முண்டு, நாலுங். இவை கோண்டி மொழியில் ஒன்று முதல் நான்கு வரையிலான எண்கள். கண்ணுக்கும் கைக்கும் அம்மொழியில் வழங்கும் சொற்களைக் கேட்டால் தமிழ்க் காது இன்னும் சற்று நிமிரும். அவை ஏறத்தாழக் 'கண்', 'கை' என்றே ஒலிக்கின்றன. மத்திய இந்தியாவின் காட்டுப் பகுதிகளில் பேசப்படும் இந்தத் திராவிட மொழிக்கு, 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்திலேயே இடம் இருந்தது. ஹைதராபாத் சமஸ்தானத்தின் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஓர் இடம் கிடைக்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்த இடமும் நீண்டநாள் நிலைக்கவில்லை. ஏன் கிடைத்தது, ஏன் போயிற்று என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், சிறுபான்மை மொழிகளுக்கு அரசு தரும் ஆதரவு என்பதன் இயல்பே தெளிவாகும்.

கதை நடந்த களம் ஆதிலாபாத் மலைக்காடுகள். முடிவுகள் எடுக்கப்பட்ட இடமோ, தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹைதராபாத் நகரம்.

மொழிக்காக அரசுப் பணத்தைச் செலவிட அந்நகரம் தயங்கியதில்லை. 1917இல் நிஜாம் அரசு 'தாருல் தர்ஜுமா' என்ற மொழிபெயர்ப்புத் துறையை அங்கே நிறுவியது. அடுத்த ஆண்டு, ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பெயரால் உஸ்மானியா பல்கலைக்கழகம் தோன்றியது. அறிவியலையும் சட்டத்தையும் மருத்துவத்தையும் ஓர் இந்திய மொழியிலேயே பட்டப்படிப்பு வரை கற்பிக்க முடியும் என்று காட்டிய பெருமுயற்சி அது. அந்த மொழி உருது. கலைச்சொற்களை ஆக்கக் குழுக்கள் கூடின. ஐரோப்பியப் பாடநூல்கள் வரிசையாக மொழிபெயர்க்கப்பட்டன. தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அப்பல்கலைக்கழகத்தைச் சான்று காட்டுவதுண்டு.

அச்சான்றுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்தச் சமஸ்தானத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தெலுங்கு பேசினர். கால்பங்கினர் மராத்தி பேசினர். கன்னடம் பேசியவர்களும் கணிசமாக இருந்தனர். உருது, சிறுபான்மையினரின் வீட்டுமொழி. ஆனால் அரசவையின் மொழி. ஆகவே உஸ்மானியாவில் நடந்தது தாய்மொழிக் கல்வியா, ஆட்சிமொழிக் கல்வியா என்ற வினாவை அன்றைய தெலுங்கு, மராத்தி, கன்னட இயக்கத்தவர் எழுப்பினர். அந்த விவாதத்தில் கோண்டியின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுத்தில்லாத மொழி என்று எல்லாத் தரப்பினரும் அதை ஒதுக்கியிருந்தனர். அது எவ்வளவு பிழையான எண்ணம் என்பது ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பிறகே வெளிப்பட்டது.

கோண்டு மக்களின் பக்கம் அரசைத் திரும்பிப் பார்க்க வைத்தது மொழியன்று, துப்பாக்கி. காடுகள் 'காப்புக் காடுகள்' என்று எல்லையிடப்பட்டன. தலைமுறைகளாக உழுத நிலத்தில் அவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். வனக்காவலர் விதித்த அபராதமும் வட்டிக்காரரின் கணக்கும் சேர்ந்து அவர்களை நசுக்கின. இதற்கு எதிராகக் குமுரம் பீம் தலைமையில் ஜோடேகாட் மலையில் கோண்டு மக்கள் திரண்டனர். 1940இல் நிஜாமின் காவற்படை சுட்டதில் பீமும் அவருடன் இருந்தவர்கள் பலரும் மாண்டனர். எழுச்சி அடங்கிய பிறகுதான், அது ஏன் மூண்டது என்று அறியும் ஆவல் ஹைதராபாத்துக்கு உண்டாயிற்று.

அதை அறிந்து சொல்லும் ஆள், போரின் தற்செயலால் அரசுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைத்தார். கிறிஸ்டோஃப் ஃபொன் ஃபியூரர்-ஹைமென்டார்ஃப் 1909இல் வியன்னாவில் பிறந்த மானிடவியலாளர். நாகா மக்களிடையே ஆய்வு செய்தவர். 1939இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்த சமயத்தில் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டிருந்ததால் அவரிடம் இருந்தது ஜெர்மன் கடவுச்சீட்டு. பிரிட்டிஷாரின் கண்ணில் அவர் எதிரி நாட்டவர். அவரைச் சிறையில் அடைக்காமல், ஹைதராபாத் சமஸ்தானத்தின் எல்லைக்குள் தங்கி ஆய்வைத் தொடர அனுமதித்தனர். அவரும் மனைவி பெட்டி எலிசபெத்தும் முதலில் செஞ்சுக்களிடையேயும், பின்னர் கோதாவரிக் கரையின் மலைரெட்டிகளிடையேயும், அதன்பின் ஆதிலாபாத்தின் ராஜ கோண்டுகளிடையேயும் வாழ்ந்தனர். கோண்டுகள் நடுவே அவர்கள் குடியிருந்த ஊர் மார்லவாய்.

நிஜாம் அரசுக்கு அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. நிலத்துக்குப் பட்டா கொடுங்கள். அந்தப் பட்டாவைத் தாங்களே படித்துக்கொள்ளும் ஆற்றலையும் கொடுங்கள். படிக்கத் தெரியாதவன் கையில் உள்ள ரசீதும் வெற்றுத்தாளும் ஒன்றுதான். சிறு அதிகாரிகளும் வட்டிக்காரர்களும் கோண்டுகளை ஏய்த்து வந்தது அந்த ஒரு பலவீனத்தை நம்பியே. அரசு இரண்டையும் ஏற்றது. நிலப்பட்டாக்கள் வழங்கப்பட்டன. 1943இல் மார்லவாயில் ஓர் ஆசிரியர் பயிற்சி மையமும் பள்ளியும் தொடங்கின. பழங்குடிகள் தொடர்பான ஆலோசகராக ஹைமென்டார்ஃப் அரசுப் பணியில் அமர்ந்தார்.

கோண்டு ஆசிரியர்களை எங்கே தேடுவது என்பது முதற்சிக்கல். அரைகுறையாக மராத்தி வாசிக்கத் தெரிந்த கோண்டு இளைஞர்கள் சிலரைத் தேடிப்பிடித்துப் பயிற்சி அளித்தனர். அவர்களே தங்கள் ஊர்களுக்குத் திரும்பி ஆசிரியர் ஆயினர். பாடநூல் எந்த எழுத்தில் இருப்பது என்பது இரண்டாவது சிக்கல். தேவநாகரி தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்பகுதியின் சந்தையிலும் அண்டை ஊர்களிலும் மராத்தி புழங்கியதே காரணம். கோண்டிச் சொற்களைத் தேவநாகரியில் படித்த குழந்தை, அடுத்த படியில் மராத்தியைத் தயக்கமின்றிப் படிக்கலாம். அதன்பின் உருதுவுக்கும் போகலாம். கோண்டி ஏணியின் முதற்படியாக நிறுத்தப்பட்டது. ஏணி நன்றாகவே செய்யப்பட்டிருந்தது. அது சாய்ந்து நின்ற சுவர் பெயர்ந்துவிடும் என்பதை மட்டும் எவரும் எண்ணவில்லை.

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. நிஜாமின் ஆட்சி முடிந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது சமஸ்தானமே மூன்று கூறாயிற்று. மராத்தி மாவட்டங்கள் பம்பாயோடும், கன்னட மாவட்டங்கள் மைசூரோடும், ஆதிலாபாத் உள்ளிட்ட தெலங்கானா ஆந்திரப் பிரதேசத்தோடும் இணைந்தன. மராத்தி வழியாக மேலே ஏறலாம் என்றிருந்த கோண்டுக் குழந்தையின் முன் இப்போது நின்றது தெலுங்கு. தேவநாகரிப் பாடநூலின் அடுத்த படி இல்லாமற் போயிற்று. படியில்லாத ஏணியின் முதற்படிக்கும் வேலையில்லை. கோண்டிப் பாடநூல்கள் வழக்கொழிந்தன. கோண்டியைத் தடை செய்யும் ஆணை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தெலுங்கு பேசுவோர் நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமை நியாயமானதே. ஆனால் அந்த நியாயத்தின் கணக்கில், பெரிய மொழிகளுக்கு மாநிலங்கள் கிடைத்தபோது, மாநிலம் இல்லாத மொழிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் சிறுபான்மையாயின. கோண்டி பேசுவோர் ஆந்திரம், மராட்டியம், மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று பிரிந்து நின்றனர். பின்னர் சத்தீஸ்கரும் தெலங்கானாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. எல்லா இடத்திலும் இருப்பவர்கள் எந்தத் தலைநகரிலும் இல்லாதவர்கள் ஆனார்கள்.

இதே காலத்தில் ஹைதராபாத் நகருக்குள் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. உஸ்மானியாவின் பயிற்றுமொழி சில ஆண்டுகளிலேயே உருதுவிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. ஒரு தலைமுறை உழைத்து உருவாக்கிய வேதியியல் நூல்களும் சட்ட நூல்களும் நூலக அடுக்குகளுக்குப் போயின. கொடுத்த கையாக இருந்த மொழி ஏந்தும் கையாக மாறியது. உருதுவின் நிலையை ஆராய 1972இல் ஐ.கே. குஜ்ரால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது; 1975இல் குழு அறிக்கை அளித்தது. 1998இல் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால், அதே ஹைதராபாத்தில் நிறுவப்பட்டது. 2017இல் தெலங்கானா, உருதுவை மாநிலம் முழுமைக்கும் இரண்டாம் ஆட்சிமொழியாக்கியது. இழந்த இடத்தில் ஒரு பகுதியை மீட்க உருதுவுக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த மீட்புக்கு நெடிய இலக்கிய மரபும், இதழ்களும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையும், வாக்குவலிமையும் துணைநின்றன.

கோண்டிக்கு இவற்றில் ஒன்றேனும் உண்டா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோண்டியைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 29,84,453 பேர். எட்டாவது அட்டவணையில் உள்ள டோக்ரி பேசுவோர் 25,96,767, கொங்கணி 22,56,502, மணிப்புரி 17,61,079, போடோ 14,82,929. சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 24,821 பேர். கோண்டி அட்டவணையில் இல்லை. போடோவும் டோக்ரியும் பெற்றது தவறு என்று சொல்ல இந்த எண்கள் வரவில்லை. அம்மொழியினர் போராடிப் பெற்றனர், பெறத் தகுதியும் உடையவர்கள். எண்ணிக்கை அளவுகோல் அன்று என்பதையே இவை காட்டுகின்றன. அளவுகோலை வகுக்க 1996இல் பாஹ்வா குழுவும் 2003இல் சீதாகாந்த் மஹாபாத்ர குழுவும் முயன்றன. உறுதியான வரையறை எதுவும் இன்றுவரை ஏற்கப்படவில்லை. கோண்டி உட்பட 38 மொழிகளின் கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன. அளவுகோல் இல்லாத இடத்தில் அழுத்தமே அளவுகோலாகிறது.

அட்டவணையில் இல்லாவிட்டாலும் குழந்தைக்குத் தாய்மொழிக் கல்வி மறுக்கப்படவில்லை என்று சட்டம் அறிந்தவர் சொல்லக்கூடும். 1956இன் ஏழாவது திருத்தம் அரசியலமைப்பில் 350அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதிகளைச் செய்துதர ஒவ்வொரு மாநிலமும் 'முயல வேண்டும்' என்கிறது அப்பிரிவு. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பயிற்றுமொழி 'இயன்றவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை 'முடிந்த இடங்களில் எல்லாம்' என்கிறது. 64 ஆண்டுகளில் மூன்று ஆவணங்கள்; மூன்றிலும் கதவின் தாழ்ப்பாள் ஒரே இடத்தில் இருக்கிறது. முயன்றோம், இயலவில்லை, முடிந்த இடம் இதுவன்று என்று சொல்லிவிட எந்த அரசுக்கும் வழி உண்டு. எல்லைக்கோடு மாறிய அதே 1956இல்தான் 350அ பிரிவும் பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு மென்மையாகப் பிறந்தது என்பதும் புரியும்.

முயற்சிகள் நடக்கவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. 2003-04 கல்வியாண்டை ஒட்டி ஆந்திரப் பிரதேச அரசு, கோண்டி, கோயா, கோலாமி, சவரா, கூவி, கொண்டா, லம்பாடி, ஆதிவாசி ஒடியா என்னும் 8 பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புப் பாடநூல்களை உருவாக்கியது. எழுத்து, தெலுங்கு. அறுபதாண்டு இடைவெளிக்குப் பின் கோண்டிக்கு மீண்டும் ஓர் ஏணி. இம்முறை வேறு சுவரில். ஆதிவாசிப் பாட்டும் கதையும் பாடமாக இடம்பெற்ற நல்ல முயற்சி அது. ஆனால் புத்தகம் தானாகப் பேசாது; அதைப் பேச வைக்கும் ஆசிரியர் வேண்டும். முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அரசு என்பது அந்த ஒருவர்தான். அவர் அதன் மொழியில் 'வா' என்று அழைத்தால் பள்ளி வீடாகும். இல்லையேல் அது புரியாத ஒலிகள் நிறைந்த கூடம்.

ஆசிரியர் என்ற இந்த இடத்தில்தான் கதை மிகவும் சிக்கலாகிறது. பட்டியல் பகுதிகளின் பள்ளிகளில் வெளியூர் ஆசிரியர்கள் தங்காமையும் வராமையும் நெடுநாள் நோயாக இருந்தன. அதற்கு மருந்தாக 2000 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச அரசு, அரசாணை எண் 3-ஐப் பிறப்பித்தது. பட்டியல் பகுதிகளின் ஆசிரியர் பணியிடங்கள் அனைத்தும் உள்ளூர்ப் பழங்குடியினருக்கே என்றது அது. அரசாணையில் மொழி முன்னிறுத்தப்படவில்லை. ஆயினும் உள்ளூர்ப் பழங்குடி ஆசிரியர் என்றால் பெரும்பாலும் உள்ளூர் மொழி அறிந்தவர் என்பது அதன் இயல்பான பயன். மார்லவாயில் 1943இல் சில இளைஞர்களைக் கொண்டு செய்ததை, அரசாணை ஒரு பணியிட விதியாக ஆக்கியது. 2020 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நூறு விழுக்காடு இட ஒதுக்கீடு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி அதனை நீக்கியது. சமத்துவம் என்ற கோட்பாட்டின் நோக்கில் அத்தீர்ப்புக்கு வாதம் உண்டு. ஆனால் வழக்கு வேலைவாய்ப்பின் வழக்காகவே நடந்தது. குழந்தையின் காதுக்கு அங்கே கட்சிக்காரர் இல்லை. உள்ளூர் மொழியறிவை ஆசிரியர் பணிக்கான தகுதியாகவே வைத்திருந்தால், ஒதுக்கீடு விழுந்தாலும் மொழி விழுந்திருக்காது. சாதிச் சான்றிதழைக் கேட்ட அரசு, மொழிச் சான்றிதழைக் கேட்க மறந்தது.

பள்ளிக்கு வெளியிலும் கோண்டிக்கு ஒரு பழைய ஆதரவு முறை இருந்தது. அதை எந்த அரசும் தொடங்கவில்லை. கோண்டுகளின் குலக்கதைகளையும் தெய்வக்கதைகளையும் பாடுவோர் பர்தான்கள். கிங்ரி என்னும் நரம்புக் கருவியை மீட்டி, இரவெல்லாம் பாடுவார்கள். வியப்பு என்னவென்றால், ஆதிலாபாத் பர்தான்களின் வீட்டுமொழி மராத்தி, பாடுவது கோண்டியில். தன் மொழியல்லாத மொழியின் காவியத்தைத் தலைமுறைகளாக அவர்கள் மனத்தில் சுமந்து வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு பர்தான் குடும்பமும் ஒரு கோண்டுக் குடும்பத்தோடு பரம்பரை உறவால் பிணைந்திருந்ததே. பாடுவது பர்தானின் கடமை. தானியமும் கால்நடையும் கொடுப்பது கோண்டு வீட்டின் கடமை. அந்தக் கொடை தயவாகக் கருதப்படவில்லை. பாணனுக்குரிய பங்காகவே கருதப்பட்டது. பாணர் மரபை ஏட்டில் மட்டும் படித்த தமிழருக்கு இந்த உறவை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பங்கு நிலத்திலிருந்து வந்தது. நிலம் போனால் பங்கும் போகும்; பங்கு போனால் பாட்டும் போகும். 1970-களின் பிற்பகுதியில் ஹைமென்டார்ஃப் மீண்டும் ஆதிலாபாத்துக்கு வந்தபோது கண்டது, தாம் பாடுபட்டுப் பெற்றுத்தந்த நிலங்களில் பெரும்பகுதி குடியேறிகளின் கைக்கு மாறியிருந்ததைத்தான். பழங்குடி அல்லாதார் பட்டியல் பகுதியில் நிலம் பெறுவதைத் தடுக்கும் 1959இன் ஒழுங்குமுறையும், அதைக் கடுமையாக்கிய 1970இன் திருத்தமும் ஏட்டில் இருந்தன. நிலம் ஏட்டில் இல்லை. இந்தக் கோணத்தில் பார்த்தால், நிஜாம் அரசு கோண்டிக்குச் செய்த பெரிய உதவி தேவநாகரிப் பாடநூல் அன்று, நிலப்பட்டா. மொழித் துறைக்கு ஒதுக்கும் தொகையை மட்டும் எண்ணி மொழிக்கு ஆதரவு எவ்வளவு என்று கணக்கிடுவோர் தவறவிடும் செய்தி இது.

எழுத்தில்லாத மொழி என்ற பழைய எண்ணம் உடைந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆதிலாபாத் மாவட்டம் நார்நூர் வட்டாரத்துக் குஞ்சாலா என்னும் சிற்றூரில், கோண்டி மொழிக்கே உரிய ஓர் எழுத்தில் எழுதப்பட்ட கையெழுத்துப் படிகள் கிடைத்தன. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜெயதீர் திருமல ராவும் அவர் குழுவினரும் அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தனர். ஊரின் முதியவர்கள் ஒரு சிலரே அதை வாசிக்க அறிந்திருந்தனர். அவர்களிடமிருந்து எழுத்து மீண்டும் கற்கப்பட்டது. கணினி எழுத்துரு உருவாயிற்று. 2018 ஜூனில் வெளியான யூனிகோட் 11.0 பதிப்பில் 'குஞ்சாலா கோண்டி' 63 குறிகளோடு இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான், மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் பகுதியைச் சேர்ந்த முன்ஷி மங்கள் சிங் மசராம் 1918இல் உருவாக்கிய இன்னொரு கோண்டி எழுத்து யூனிகோடில் ஏறியிருந்தது. 1918 என்பது உஸ்மானியா பிறந்த ஆண்டும்கூட. ஒரு மொழிக்காக ஒரு பல்கலைக்கழகமே எழுந்த அதே ஆண்டில், இன்னொரு மொழிக்காகத் தனியொரு மனிதர் எழுத்தை வரைந்துகொண்டிருந்தார்.

மார்லவாயில் 1943இல் எழுத்து எது என்று ஆராய்ந்தவர்களுக்கு, அதே மலைத்தொடரில் இன்னொரு சிற்றூரின் வீடுகளில் கோண்டியின் சொந்த எழுத்து மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது தெரியாது. அரசின் ஏணிகள் வந்து போயின. எவரும் கேட்காத ஏட்டுக்கட்டை மழைக்கும் கரையானுக்கும் தப்பவைத்துக் காத்தவை சில குடும்பங்கள்தாம்.

இன்று பண்பாட்டின் பெயரால் ஹைதராபாத் கொடுப்பது குறைவன்று. மாசாப் டாங்கில் பழங்குடி அருங்காட்சியகம் உள்ளது. பஞ்சாரா ஹில்ஸில் 2022இல் குமுரம் பீம் ஆதிவாசி பவன் திறக்கப்பட்டது. எந்த அரசின் காவற்படை சுட்டதோ, அதன் தலைநகரிலேயே அவர் பெயரில் மாளிகை. 2016 முதல் அவர் பெயரில் ஒரு மாவட்டமும் உண்டு. மார்லவாயைச் சேர்ந்த குசாடி ஆட்டக் கலைஞர் கனகராஜு 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2024இல் மறைந்தார். இவை அனைத்தும் மகிழ்ச்சிக்குரியவையே. ஆயினும் ஓர் ஒழுங்கு கண்ணில் படுகிறது. ஆட்டத்துக்கு விருது எளிதில் கிடைக்கிறது. கட்டடத்துக்குப் பெயர் எளிதில் கிடைக்கிறது. வகுப்பறைக்கு ஆசிரியர் கிடைப்பதில்லை. மயிற்பீலித் தலைப்பாகையைப் பார்ப்பவருக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மேடையில் தோன்றும் பண்பாடு எந்த அரசுக்கும் சுமையன்று. ஆண்டு முழுவதும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விடைகேட்கும் மொழிதான் சுமை.

வேறு வழி உண்டா என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்களை நோக்கலாம். 1982இல் அவர்கள் அரசுக்குக் காத்திராமல் 'கோஹங்கா ரியோ' என்னும் மழலையர் மொழிக்கூடங்களைத் தொடங்கினர். பாட்டிமார் பேத்திகளோடு மாவோரியில் மட்டும் பேசினர். அதோடு நிற்காமல், தங்கள் மொழி உடன்படிக்கையால் காக்கப்பட வேண்டிய உடைமை என்று தீர்ப்பாயத்தில் வாதிட்டனர். 1987இல் மாவோரி சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று. வீட்டின் முயற்சியும் சட்டத்தின் கட்டாயமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. குஞ்சாலா முதற்பாதியைச் செய்துவிட்டது. இரண்டாம் பாதிதான் 'முயல வேண்டும்' என்ற சொல்லில் சிக்கிக் கிடக்கிறது.

இந்தக் கதையைத் தெலங்கானாவின் குறையாக மட்டும் படித்துவிட்டு நகர்வது தமிழ் வாசகருக்கு எளிது. தமிழ்நாட்டின் நீலகிரியிலும் கோண்டியைப் போன்ற உடன்பிறப்புகள் உள்ளன. தோடமும் கோத்தமும் தமிழுக்குக் கோண்டியைவிட நெருங்கிய உறவுடையவை. 2024 பிப்ரவரியில் தாக்கலான தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, சௌராட்டிரம், படுகு ஆகியவற்றோடு தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாயை அறிவித்தது. பாராட்டுக்குரிய தொடக்கம். ஆனால் ஆவணம் என்பது மொழியை அருங்காட்சியகத்தில் சேர்க்கும் முதல் வேலையாகவும் இருக்கலாம். வகுப்பறையில் சேர்க்கும் முதல் வேலையாகவும் இருக்கலாம். எது என்பதை அடுத்த படிதான் சொல்லும். இந்தி தன்மேல் ஏறக்கூடாது என்று போராடிய மொழி, தன் நிழலில் நிற்கும் சிறிய மொழிகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அந்தப் போராட்டத்தின் அறம் இறுதியாக மதிப்பிடப்படும்.

பெட்டி எலிசபெத் 1987 ஜனவரியில் ஹைதராபாத்தில் காலமானார். மார்லவாயில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். ஹைமென்டார்ஃப் 1995இல் லண்டனில் மறைந்தார். பல ஆண்டுகள் கழிந்து அவரது அஸ்தியும் அதே ஊருக்கு வந்து, மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கொண்டது. ஊர் மக்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி நினைவு நாளைக் கடைப்பிடிக்கிறார்கள். அவர்களை அனுப்பிய அரசு இன்று இல்லை. அவர்கள் உருவாக்கிய பாடநூல் வழக்கில் இல்லை. பெற்றுத்தந்த நிலத்தில் பெரும்பகுதி இல்லை. எஞ்சியது, அந்த முதற்பள்ளியில் எழுத்தறிந்து ஆசிரியரானவர்களின் வழிவந்த படிப்பு. கொடுத்தவரைக் குடும்பத்தவராக ஏற்றுக்கொண்ட ஓர் ஊரின் நன்றி.

அந்த நன்றியைச் சிறுமையாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் நன்றி சொல்ல வேண்டிய நிலையில் ஒரு மொழி இருக்கும்வரை, கொடுத்த கை தளர்ந்தால் அதுவும் தளரும். உருதுவுக்கு ஹைதராபாத்தில் நேர்ந்தது அதைத்தான் சொல்கிறது. கோண்டிக்கு நேர்ந்ததும் அதையே சொல்கிறது. 'முயல வேண்டும்' என்பது 'தர வேண்டும்' என்று மாறும் நாளில், முதல் வகுப்புக் குழந்தை தன் ஆசிரியரிடம் உண்டி, ரண்டு, முண்டு என்று எண்ணும். அதற்காக அது எவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிராது.